பனி உறையும் முன் ஒரு தூண்டில்

வானொலி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தரும் பாடம், ஒலிபரப்பில் அமைதி கூடாது என்பதுதான். மூன்று விநாடி சத்தம் இல்லாமல் போனால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையை ஆட்டத் தொடங்கிவிடுவார். பத்து வருடத்துக்கும் மேலாக அந்தப் பயத்திலேயே பேசிப் பேசிப் பிழைப்பு நடத்துபவன் நான். அப்படிப்பட்டவனைக் கடந்த நவம்பரில் ஒரு படகில் உட்கார வைத்து, ஐந்து மணி நேரம் சும்மா இரு என்றார்கள். அதுவும் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று பாகை குளிரில்.

இடம்: கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள குவின்டி விரிகுடா. தேடிப் போன மீன்: வால்ஐ.

நவம்பரில் யாராவது கனடாவுக்குப் போவார்களா என்று கேட்காத நண்பர்கள் இல்லை. எனக்கு விடுப்பு கிடைத்தது அப்போதுதான். போன காரணமும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு இல்லை. டொரொன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் என் அண்ணன் இருக்கிறார். குடும்பத்தோடு குடிபெயர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

2021 ஆகஸ்டில், கோவிட் உச்சத்தில் இருந்தபோது அப்பா தவறினார். எல்லைகள் மூடியிருந்த காலம். அண்ணனால் வர முடியவில்லை. கிள்ளானில் நடந்ததைச் சடங்கு என்று சொல்ல முடியாது. பாதுகாப்பு உடையில் நான்கு பேர், தள்ளி நிற்கச் சொல்லப்பட்ட நானும் அம்மாவும், அவ்வளவுதான். அதை அண்ணன் கைப்பேசித் திரையில் பார்த்தார். அந்தக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. பேச்சுதான் குறைந்துபோனது. அம்மாவின் மருந்துச் செலவு, வீட்டு வரி, கார் காப்புறுதி. வாட்ஸ்அப்பில் வரும், போகும். அப்பாவைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசியதே இல்லை. நேரில் போனால் சரியாகிவிடும் என்று நினைத்து விமானம் ஏறினேன். முதல் வாரம் பிள்ளைகள், பேரங்காடி, உறவினர் வீட்டு விருந்து என்றே ஓடியது. நான் ஆரம்பித்தால் அவர் தொலைக்காட்சியைப் பார்ப்பார். அவர் ஆரம்பித்தால் நான் கைப்பேசியைப் பார்ப்பேன்.

இரண்டாவது சனிக்கிழமை இரவு, “நாளைக்கு மீன் பிடிக்கப் போறோம். மூணரைக்கு எழுந்திடு” என்றார்.

“இந்தக் குளிரிலயாண்ணே?”

“இந்தக் குளிர்லதான்டா கிடைக்கும்.”

உடனே என் கைப்பேசியை வாங்கி, வெளிநாட்டவருக்கான மீன்பிடி உரிமத்தை இணையத்திலேயே எடுத்துக் கொடுத்தார். அங்கே ஒரு நாள் தூண்டில் போடுவதானாலும் உரிமம் வேண்டும். தஞ்சோங் ஹராப்பானில் கல்லின்மேல் உட்கார்ந்து கெளிறு பிடித்து வளர்ந்த எங்களுக்கு இது புதிது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு நாள் வந்தால் எங்கள் இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் ஹராப்பானுக்குப் போய்விடுவார். பச்சை நிறத்தில் ஒரு தூண்டில் பெட்டி வைத்திருப்பார். அதைத் தூக்கி வருவது அண்ணன் வேலை. வாய் மூடாமல் பேசி மீனை விரட்டுவது என் வேலை.

இசட் வடிவ விரிகுடா

ஸ்கார்பரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகவேண்டும். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நமக்குக் கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகிற தூரம். போகிற வழியில் டிம் ஹார்டன்ஸ் கடையில் காப்பி வாங்கிக்கொண்டோம். இரண்டு பங்கு கிரீம், இரண்டு பங்கு சீனி போட்டதற்கு ‘டபுள் டபுள்’ என்று பெயர். நம் கோப்பி-ஓ குடித்த நாக்குக்கு அது பாயசம்.

ஒண்டாரியோ ஏரியைக் கடல் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். சிலாங்கூர் மாநிலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் பெரியது. உப்பு மட்டும்தான் இல்லை. அந்த ஏரியின் வடகரையில், நிலத்துக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி என்ற பகுதிக்கும் நடுவே, இசட் எழுத்தைக் கிறுக்கியதுபோல் வளைந்து வளைந்து உள்ளே போகிறது குவின்டி விரிகுடா. மேற்கே டிரென்டன், பெல்வில் நகரங்களின் பக்கம் ஆழம் குறைவு. கலங்கல் தண்ணீர். கிழக்கே ஏரியை நோக்கி வர வர ஆழம் கூடுகிறது. அடோல்ஃபஸ் ரீச் என்ற கடைசிக் கையில் 30 மீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. நாங்கள் போனது அங்கேதான்.

பிக்டன் ஊரில் படகோடு காத்திருந்தவர், அண்ணனின் நண்பர். யாழ்ப்பாணம், மயிலிட்டிக்காரர். 1990-இல் போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது கிளம்பியவர். இப்போது டொரொன்டோவில் சரக்கு லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மறுபடியும் மீனவராகிவிடுகிறார். அவரை மயிலிட்டி அண்ணன் என்றே சொல்கிறேன்.

“தம்பி கிள்ளான் துறைமுகமோ? கடற்கரை ஆள்தானே. அப்ப பயமில்லை” என்று கை கொடுத்தவர், அடுத்த நிமிடமே என்னைப் பயமுறுத்தவும் செய்தார். உடம்பு முழுவதையும் மூடும் சிவப்பு நிற மிதவை உடை ஒன்றை நீட்டினார். “இதைப் போடாமல் என்ர படகிலை ஏறேலாது. தண்ணி ஆறு பாகைதான் நிக்குது. விழுந்தால் முதல் ஒரு நிமிசம் மூச்சைச் சரிப்படுத்தவே போயிடும். பிறகு பத்து நிமிசம் கை கால் சொல்வழி கேக்கும். அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வரைக்கும்தான் நினைவிருக்கும்.”

பிறகு தேடிப் பார்த்தேன். இது அவர் சொந்தச் சரக்கு இல்லை. மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர் நீரில் மனித உடல் என்ன ஆகிறது என்று ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ‘1-10-1’ விதி. குளிர் தண்ணீரில் விழுபவர் உடனே உறைந்து சாவதில்லை. முதல் நிமிடத்தில் அதிர்ச்சியில் மூச்சு வாங்கும்போது தண்ணீரைக் குடித்துவிடுகிறார். அல்லது கை கால் ஓய்ந்து நீந்த முடியாமல் மூழ்கிவிடுகிறார். மிதவை உடை இருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். நம் கடல் எப்போதும் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்பதற்காக, உயிர்காப்பு உடையைப் படகின் மூலையில் போட்டுவிட்டு உட்காருகிறோமே, அந்தப் பழக்கம் அன்றோடு எனக்குப் போனது.

காற்றுக்கு அவர் வைத்திருந்த பெயர்களும் ஊரிலிருந்து வந்தவைதான். கைப்பேசியில் வானிலையைப் பார்த்துவிட்டு, “கச்சான் காத்து. பிழையில்லை. கொண்டலுக்குத் திரும்பினால் நாங்கள் கரைக்கு வந்திட வேணும்” என்றார். மேல்காற்று கச்சான், கீழ்காற்று கொண்டல். கொண்டல் அடித்தால் பெரிய ஏரியின் அலை நேராக உள்ளே வந்துவிடுமாம்.

ஏன் இந்தக் கடைசி வாரங்கள்?

படகு கிளினோரா படகுத்துறையைக் கடந்தது. கார்களை இலவசமாக அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் சிறிய ஃபெரி ஒன்று அங்கே ஓடுகிறது. பக்கத்தில் இருந்த கட்டடத்தை அண்ணன் காட்டினார். மாநில அரசின் மீன்வள ஆராய்ச்சி நிலையம். இந்த விரிகுடாவின் மீன் கணக்கை எழுதுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு கதை உண்டு. 1960-களிலும் 70-களிலும் கரையோர நகரங்களின் கழிவுநீரும் சவர்க்கார பாஸ்பரசும் கலந்து விரிகுடா பாசியாக மாறியது. வால்ஐ மீன் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. கனடாவும் அமெரிக்காவும் 1972-இல் பேரேரிகளின் நீர்த்தரம் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டன. கழிவுநீரில் பாஸ்பரஸ் குறைக்கப்பட்டது. 1978-இல் பிறந்த குஞ்சுகள் பெரிய அளவில் பிழைத்தன. அந்த ஒரு வருடத்துப் பிள்ளைகள்தான் விரிகுடாவை மறுபடியும் நிரப்பினார்கள். பிறகு 1990-களில், கப்பல்களின் அடித்தொட்டி நீரில் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்த வரிச்சிப்பிகள் இங்கும் பெருகி, தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்துவிட்டன. தெளிந்த தண்ணீர் நமக்கு நல்லது போலத் தோன்றும். வால்ஐக்குப் பிடிக்காது. எண்ணிக்கை மறுபடியும் குறைந்து, பின்னர் நிலைப்பட்டது.

தெளிந்த தண்ணீர் ஏன் பிடிக்காது? அதன் கண்தான் காரணம். நம் சந்தையில் சியாக்காப் மீனின் கண் விளக்கொளியில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். வால்ஐக்கும் அப்படித்தான். விழித்திரைக்குப் பின்னால் பூனைக்கு இருப்பதுபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு உண்டு. கலங்கல் தண்ணீரிலும் அந்தி வெளிச்சத்திலும் மற்ற மீன்கள் தடுமாறும்போது இதற்கு நன்றாகக் கண் தெரியும். வேட்டை அப்போதுதான். வெள்ளையாக வெறித்துப் பார்ப்பதுபோல் இருக்கும் அந்தக் கண்ணைக் கொண்டுதான் ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே வந்தது. ஒண்டாரியோவில் பலர் இதையே ‘பிக்கரல்’ என்பார்கள். ஸ்கார்பரோத் தமிழர் வீடுகளிலும் பிக்கரல்தான்.

வசந்த காலத்தில் பெரிய மீன்கள் டிரென்ட், மொய்ரா, நாபனி போன்ற ஆறுகளின் பக்கம் போய் முட்டையிடும். அது முடிந்ததும் கோடையைக் கழிக்க ஏரியின் திறந்த வெளிக்குப் போய்விடும். இலையுதிர் காலத்தின் முடிவில், சிறு மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு மறுபடியும் விரிகுடாவுக்குள் நுழையும். குளிர்காலத்துக்கு முன் வயிறு நிறையத் தின்ன வேண்டும். அடுத்த வசந்தத்துக்கான முட்டை இப்போதே வயிற்றுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும். பெண் மீன்தான் பெரிதாக வளரும் என்பதால், இந்த நாள்களில் மாட்டுகிற பெரிய மீன் ஏறக்குறைய எல்லாமே தாய் மீன்கள்.

நவம்பருக்கு மதிப்பு இதனால்தான். வருடத்தின் மிகப் பெரிய மீன்கள், மிகக் கொழுத்த நிலையில், ஒரே கையில் வந்து சேருகின்றன. ஆழம் குறைந்த பகுதிகள் முதலில் உறையத் தொடங்கும். பிறகு படகு இறக்க வழியிருக்காது. பனிக்கட்டி நடக்கிற அளவுக்குக் கெட்டிப்படும்வரை காத்திருக்க வேண்டும். “இந்தக் கிழமையும் அடுத்த கிழமையும்தான் தம்பி. பிறகு படகைப் போர்த்து வைக்கிறதுதான்” என்றார் மயிலிட்டி அண்ணன்.

பலகையைப் பார்த்துக்கொண்டு

எங்கள் ஊர் முறையில் தூண்டிலை வீசிவிட்டுக் காத்திருப்போம். அங்கே படகே மெதுவாக நகர்ந்துகொண்டிருக்க, தூண்டில்கள் பின்னால் இழுபட்டு வரும். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய போலி மீன். வாயருகே நெகிழியால் ஆன நீண்ட தகடு. இழுக்க இழுக்க அந்தத் தகடு தண்ணீரை வெட்டிக்கொண்டு போலி மீனைக் கீழே கொண்டுபோகும். எத்தனை அடி தங்கூசி விட்டோம் என்று காட்ட ரீலில் எண்கள் ஓடுகின்றன. நீளத்தை மாற்றினால் ஆழம் மாறும். மீன் தரையில் இல்லை. நடுத்தண்ணீரில், சிறு மீன் கூட்டத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தலைக்குக் கொஞ்சம் மேலே இரை போக வேண்டும். வால்ஐ மேல்நோக்கிப் பார்த்துத்தான் பாயும்.

இன்னொரு தந்திரம், பலகை. காலணி அளவில் ஒரு மிதக்கும் பலகையைத் தங்கூசியில் மாட்டி விடுகிறார்கள். படகு முன்னே போக, அது பட்டம் மாதிரிப் பக்கவாட்டில் விலகிப் போகும். இதனால் படகின் சத்தத்துக்கு மிரண்டு ஒதுங்கிய மீனின் முன்னாலும் இரை போய்ச் சேரும். பலகையில் ஒரு சின்னக் கொடி. அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேகம், நாம் நடக்கிற வேகத்தில் பாதிதான். குளிர் தண்ணீரில் மீனுக்கும் உடம்பு மந்தமாகிவிடுகிறது. துரத்தி வந்து தின்னாது. எதிரே சோம்பலாகப் போகிற இரையைத்தான் வாயில் போட்டுக்கொள்ளும்.

ஆக, மூன்று பேர், மூன்று தூண்டில், மூன்று கொடி. தூண்டில் வளையங்களில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அவ்வப்போது கம்பின் நுனியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் பனி கரைகிறது. ஏரி எங்கள் கையுறையைவிடச் சூடு. முதல் மணி நேரம் நான் வழக்கம்போல் பேசினேன். விலைவாசி, அரசியல், நேயர்கள் அனுப்பும் குரல் செய்திகள். பதில் வரவில்லை. இரண்டாம் மணி நேரத்தில் என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. இயந்திரத்தின் மெல்லிய உறுமல் மட்டும். கையை ஆட்டி அவசரப்படுத்த யாரும் இல்லை.

மூன்றாம் மணி நேரத்தில், கொடியைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அப்பாவுக்குக் கருவி வைக்கிறதுக்கு முன்னால, அன்னைக்குக் காலையில எனக்குக் கூப்பிட்டாரு. எட்டு இருபதுக்கு. நான் நிகழ்ச்சியில இருந்தேன். போனை சைலன்ட்ல போட்டிருந்தேன்.”

அண்ணனும் தன் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்து திருப்பி அழைத்தேன். எடுக்கவில்லை. மதியம் அவருக்குச் செயற்கை சுவாசக் கருவி பொருத்திவிட்டதாகத் தகவல் வந்தது. மூன்றாம் நாள் அவர் இல்லை. அம்மா கேட்டபோது, “பேசினேம்மா, தெளிவாத்தான் பேசினாரு” என்று சொன்னேன். அம்மா அதை எல்லாரிடமும் சொன்னார். அண்ணனிடமும் சொன்னார். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாவின் ஓர் அழைப்பை எடுக்கவில்லை என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மயிலிட்டி அண்ணன், “தம்பி, உங்கட பலகை!” என்றார்.

தாய் மீன்

வெடுக்கென்று இழுக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மற்ற பலகைகளோடு வரிசையில் வந்துகொண்டிருந்த என் பலகை, களைத்துப்போனவர் நடையில் பின்தங்குவதுபோல் மெல்லப் பின்னால் போனது. குளிர்கால வால்ஐ அப்படித்தானாம்.

“சுத்துங்கோ. அவசரப்படாதேங்கோ. அவள் வரட்டும்.”

அவள் வர ஏறக்குறைய பத்து நிமிடம் ஆனது. பாய்ச்சல் இல்லை. துள்ளல் இல்லை. நனைந்த சாக்கு மூட்டையை இழுப்பதுபோல் கனம். தலையை மட்டும் அப்படியும் இப்படியும் ஆட்டுவது கம்பு வழியாகக் கைக்குத் தெரிந்தது. பலகையை அண்ணன் கழற்றினார். கடைசியில் பச்சைத் தண்ணீருக்குள் ஒரு பொன்னிறம், வாலின் கீழ் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு அந்தக் கண். வலை போட்டுத் தூக்கினார்கள்.

78 சென்டிமீட்டர். ஐந்து கிலோவுக்கு மேல். இந்த அளவு மீனுக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கலாம் என்றார்கள். வயிறு பானை மாதிரி இருந்தது.

எனக்குள் இருந்த கிள்ளான்காரன் உடனே மீன் தலைக்கறி வரைக்கும் போய்விட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார். “உன் மீன். நீதான் சொல்லணும்.” சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். அந்த அளவில் ஒரு மீன்தான் அனுமதி. மயிலிட்டி அண்ணன் தன் கருத்தை மட்டும் சொன்னார்.

“வயித்திலை லட்சக்கணக்கிலை முட்டை கிடக்கு. கொண்டுபோய்க் காய்ச்சினால் எங்களுக்கு ரெண்டு நாள் சாப்பாடு. விட்டால் பங்குனி சித்திரையிலை ஆத்துக்குப் போய்ப் போட்டிடுவாள். அதோட கிழட்டு மீனிலை பாதரசம் கூட. பிள்ளையளுக்குக் குடுக்கிறது நல்லதில்லை.”

இதுவும் உண்மைதான். வேட்டை மீன்களின் உடலில் வயது ஏற ஏறப் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். எந்த நீர்நிலையில், எந்த மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒண்டாரியோ அரசு வழிகாட்டியே வெளியிடுகிறது. பிள்ளைகளுக்கும் கருவுறும் வயதில் உள்ள பெண்களுக்கும் அதில் தனிக் கணக்கு. நம் ஊரில் பெரிய மீன் என்றால் பெருமை. பெரிய மீன்தான் குடும்பத்துக்குக் குறைவாகக் கொடுக்க வேண்டியது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

விடுவதற்கும் முறை இருக்கிறது. தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடக் கூடாது. வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுக்க வேண்டும். உறைபனிக் காற்றில் செவுளும் கண்ணும் கெட்டுப்போகும் என்பதால், படம் எடுப்பதெல்லாம் சில விநாடிதான். ஈரக் கையால் பிடித்து, படகின் ஓரத்தில் குனிந்து தண்ணீருக்குள் வைத்தேன். விரல்கள் மரத்துப்போயின. கொஞ்ச நேரம் என் கையிலேயே நின்றாள். பிறகு வாலை ஒருமுறை அசைத்துக் கீழே போனாள்.

“முதல் மீனையே விட்டுட்டியேடா” என்றார் அண்ணன். அவர் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

ஒரு மணிக்கு மேல் அவர் தூண்டிலில் 52 சென்டிமீட்டரில் ஒன்று மாட்டியது. அதைக் கறிக்கு வைத்துக்கொண்டோம். இரண்டரைக்குக் காற்று கொண்டலுக்குத் திரும்பத் தொடங்கியது. மயிலிட்டி அண்ணன் எங்களைக் கேட்கவே இல்லை. படகைத் திருப்பிவிட்டார்.

401 நெடுஞ்சாலையில்

நவம்பரில் அங்கே நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். இருட்டில், காரில் சூடு ஏறிக் கால் விரல்கள் குத்த ஆரம்பித்த நேரத்தில்தான் அண்ணன் பேசினார்.

“உன்னைக் கூப்பிட்டதுக்கு அப்புறம் எனக்குத்தான் கூப்பிட்டிருக்காரு. இங்க ராத்திரி எட்டரை இருக்கும். ரெண்டு நிமிஷம் பேசினாரு. மூச்சு வாங்குச்சு. தூண்டில் பெட்டியை யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்கன்னாரு. அம்மாவைப் பாத்துக்கன்னாரு. தம்பிக்குக் கூப்பிட்டீங்களாப்பான்னு கேட்டேன். ‘அவன் இப்ப ரேடியோவுல பேசிக்கிட்டிருப்பான், அதான் எடுக்கல’ன்னாரு.”

“ஏன்ணே இத்தனை வருஷமா சொல்லல?”

கொஞ்ச தூரம் போன பிறகுதான் பதில் வந்தது. “நீ அங்க இருந்தே. உன்கிட்ட எவ்வளவோ பேசியிருப்பாருன்னு நினைச்சேன். எனக்குக் கிடைச்சது அந்த ரெண்டு நிமிஷம்தான். அதையும் பங்கு போட மனசு வரல.”

எனக்கு நிறையக் கிடைத்தது என்று அவர் நினைத்திருக்கிறார். எதுவுமே கிடைக்காததை மறைத்து நான் அப்படி நினைக்க வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு கண்டத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை இத்தனை ஆண்டுகள் கேட்காமலே இருந்திருக்கிறோம். தொழில் முறையில் தகவல் தொடர்பு படித்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள அன்று கூச்சமாக இருந்தது.

இரவு அண்ணி அந்த மீனை மஞ்சள், மிளகாய் தடவிப் பொரித்தார். வெள்ளைச் சதை. முள் குறைவு. வாசனையே இல்லாத, கொஞ்சம் இனிப்பான மீன். நான் கொண்டுபோயிருந்த நெத்திலி சம்பால் பக்கத்தில் இருந்ததால் சோறு இரண்டு முறை போட வேண்டியதாயிற்று. பிள்ளைகளும் பயமில்லாமல் சாப்பிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுச் சேமிப்பு அறையில் அந்தப் பச்சைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். கொக்கிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. பத்திரமாக இருக்கிறது. அண்ணன் ஜூன் பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா இந்தப் பத்தியை ஒரு வாரம் விடாமல் படிப்பவர். அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, போன ஞாயிற்றுக்கிழமையே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அழைப்பை எடுக்காதது, பேசினேன் என்று பொய் சொன்னது, அண்ணனிடம் அப்பா சொன்னது, எல்லாவற்றையும். அம்மா வெகு நேரம் எதுவும் பேசவில்லை. எதையாவது சொல்லி அந்த நேரத்தை நிரப்ப வேண்டும் என்று வாய் துடித்தது. பேசாமல் இருந்தேன்.

பிறகு என் கைப்பேசியை வாங்கி, படகில் எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். என்னை, அண்ணனை, மீனை.

“இவ்ளோ பெரிய மீனை ஏன்டா தண்ணியில விட்டீங்க?” என்றார்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். முட்டை, ஆறு, பாதரசம், 1978. கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்களும் இன்று யாருக்காவது ஓர் அழைப்பு பாக்கி வைத்திருந்தால், பக்கத்தைத் திருப்புவதற்கு முன் எடுத்துப் பேசிவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.